காசில்லாக் கணிப்பு

காசு வைக்காமல் பந்தயம் விறுவிறுப்பாகுமா? ஆகும் என்பதை 2023 ஆகஸ்டில் குத்தாலத்தில் கண்டோம். சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கியின் அரையிறுதி, இறுதியாட்டங்களுக்கு நண்பர்களுக்குள் கணிப்புப் போட்டி வைத்தோம்.

முதல் விதி, பணம் கட்டக் கூடாது. கூலிவேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் நாங்கள். பத்து ரூபாய் வைத்தாலும் சிலர் ஒதுங்கிவிடுவர். ஒதுங்குபவன் நண்பனாயிற்றே!

அரையிறுதியில் வெல்லும் அணியைச் சரியாகச் சொன்னால் தலா 1 புள்ளி, இறுதிக்கு 3. முன்னதில் கோட்டைவிட்டவனுக்கும் இதனால் வாய்ப்பு மிஞ்சும்.

அரையிறுதியில் இந்தியா ஜப்பானை 5–0 என வென்றது. அரியலூர்க்காரரான கார்த்தி செல்வமும் ஒரு கோல் அடித்தார். பிறகென்ன, இறுதிக்கு எல்லோருமே இந்தியா என்று எழுதினால்? அதற்காகத்தான் மொத்தக் கோல் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். புள்ளி சமமானால் அதில் நெருங்கியவரே வென்றவர்.

ஆட்டம் தொடங்குமுன் சீட்டுகளைப் பொதுவான ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும்; பிறகு திருத்தம் கிடையாது. ஆகஸ்ட் 12 இறுதியாட்டம் இதன் அவசியத்தை உணர்த்தியது. இடைவேளையில் மலேசியா 3–1 என முந்தியிருந்தது. சீட்டு கையில் இருந்திருந்தால் பலர் கட்சி மாறியிருப்பர்! முடிவில் இந்தியா 4–3 என வென்றது.

பரிசு கைதட்டல் மட்டுமே. எவர் வீட்டுப் பணமும் குறையவில்லை, நட்பும் குறையவில்லை. நம் கல்லூரியிலும் முயன்று பார்க்கலாமே!