ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் உங்கள் ஆதார் இன்னும் இருக்கிறதா? எழுந்து வருவதற்கு முன் 2 நிமிடம்!

போன மாதம் ஒரு விண்ணப்பத்தை பிரின்ட் எடுக்க, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். கடையில் நல்ல கூட்டம். "டவுன்லோடு ஃபோல்டர்ல இருக்கும், நீங்களே எடுத்துக்கோங்க தம்பி" என்றார் கடைக்கார அண்ணன். திறந்து பார்த்தால், யார் யாருடையதோ ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக், ப்ளஸ் டூ மார்க்‌ஷீட்... கீழே போகப் போக, ஒரு ஃபைலின் பெயர் தெரிந்த பெயராக இருந்தது. ஆறு மாதங்களுக்கு முன்பு நான் பிரின்ட் எடுத்த என் அப்பாவின் ஆதார்!

"இதையெல்லாம் அழிக்க மாட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"கேட்டா அழிச்சிடுவேன் தம்பி. பிரின்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் கிளம்பிடறாங்க. யாரும் கேட்கிறதே இல்லையே!"

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. விட்டுவிட்டு வந்தது நான்தானே!

பாஸ்வேர்டு இருந்தால் போதுமா?

இ-ஆதார் ஃபைலுக்கு பாஸ்வேர்டு உண்டு. ஆனால், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும்தான் அந்த பாஸ்வேர்டு. அதே ஃபோல்டரில் உங்கள் மார்க்‌ஷீட்டும் இருந்தால் பூட்டோடு சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரிதான்.

இதற்கு ஒரு வழி, 'மாஸ்க்டு ஆதார்'. ஆதார் இணையதளத்தில் டவுன்லோடு செய்யும்போதே இதைத் தேர்வு செய்யலாம். 12 இலக்கங்களில் முதல் எட்டு மறைந்து, கடைசி நான்கு மட்டும் தெரியும். முழு எண் கட்டாயம் என்று சொல்லும் இடத்தில் மட்டும் முழு ஆதாரைக் கொடுங்கள்.

எழுந்து வருவதற்கு முன்...

* டவுன்லோடு ஃபோல்டரில் உங்கள் ஃபைலைத் தேடி அழியுங்கள். வெறும் டெலீட் கொடுத்தால் அது ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு டெலீட் கொடுங்கள்.

* கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களா? 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தால் சாட்டில் இருப்பது மட்டும்தான் போகும். கம்ப்யூட்டரில் இறங்கிய காப்பி அப்படியே இருக்கும். அதையும் அழிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

* உங்கள் வாட்ஸ்அப்பையே அந்த கம்ப்யூட்டரில் க்யூ.ஆர் கோடு ஸ்கேன் செய்து திறந்திருந்தால், திரையை மூடினால் மட்டும் போதாது. போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போய் லாக் அவுட் செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குப் பின்னால் உட்காருபவர் குடும்ப குரூப் வரைக்கும் படிக்கலாம்.

* மெயில் திறக்க வேண்டுமா? குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்காக்னிட்டோ திரை வரும். வேலை முடிந்ததும் அந்தத் திரைகளை எல்லாம் மூடிவிட்டால் லாகின் தங்காது. ஆனால், அதில் டவுன்லோடு செய்த ஃபைல் தானாக அழியாது. 'பாஸ்வேர்டை சேவ் செய்யவா?' என்று கேட்டால் 'நெவர்' கொடுங்கள்.

* நெட் பேங்கிங் மட்டும் கடை கம்ப்யூட்டரில் வேண்டவே வேண்டாம். நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் 'கீலாகர்' மென்பொருள் அதில் இருந்தால், இன்காக்னிட்டோவாலும் தடுக்க முடியாது.

சொந்த லேப்டாப் என்றாலும்...

ரயிலிலோ, காபி ஷாப்பிலோ வேலை பார்ப்பவர்கள், முடிந்தவரை முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். டீ வாங்க எழுந்தால்கூட விண்டோஸ் கீயோடு 'எல்' கீயை அழுத்தி லாக் செய்துவிடுங்கள். ஓ.டி.பி-யை போனில் யாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டாதீர்கள்.

ஏற்கெனவே விட்டுவிட்டு வந்திருந்தால்?

பதற வேண்டாம். கூகுள் அக்கவுன்ட்டின் செக்யூரிட்டி பகுதியில், எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்து, வீட்டிலிருந்தே லாக் அவுட் செய்யலாம். பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். ஆதார் இணையதளத்தில் கைரேகை உள்ளிட்ட பயோமெட்ரிக் விவரங்களை லாக் செய்யும் வசதி இருக்கிறது. கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்ப்புக்குப் பயன்பட்டது என்பதையும் ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், யோசிக்காமல் உடனே 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அன்றைக்கு அப்பாவின் ஆதாரை அழித்துவிட்டு எழுந்தேன். எனக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "தம்பி, என் பொண்ணோட சர்ட்டிபிகேட்டும் இதுலதான் இருக்கும். கொஞ்சம் பாருப்பா" என்றார். தேடினோம். இருந்தது!

அடுத்த முறை கடைக்குப் போகும்போது நீங்களும் கேட்டுப் பாருங்கள்.