விழித்திருக்கும் காவலன்

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்க்கு இரவுக் காவலனின் அருமை நன்கு தெரியும். அவன் பணிக்கு வந்தால் மட்டும் போதாது, விழித்திருக்கவும் வேண்டும். சர்வர் கணினிகளுக்கும் இத்தகைய காவலர் உண்டு. போலந்து நாட்டினரான டோமாஸ் கோய்ம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட கிளாம்ஏவி என்னும் மென்பொருளில், பின்னணியில் இடையறாது இயங்கும் கிளாம்டி என்ற பகுதி அத்தகையதே.

ஒவ்வொரு கோப்பைச் சோதிக்கும்போதும் வைரஸ் அடையாளங்கள் அனைத்தையும் புதிதாக ஏற்றுவதெனில் காலம் வீணாகும். கிளாம்டி அவற்றை ஒருமுறை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, கேட்டவுடன் விடை பகரும். இவ்விரைவுக்கு விலையும் உண்டு. அதற்கு ஒரு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகம் வேண்டும். ஃப்ரெஷ்கிளாம் என்னும் துணைநிரல் புதிய அடையாளங்களைக் கொணரும்போது, பழைய தொகுதியும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்திருப்பதால், தேவை ஏறத்தாழ இருமடங்காகும். இடம் போதாவிடில் லினக்ஸ் இயக்கமுறைமையே காவலனை நிறுத்திவிடக்கூடும்.

நாம் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் இவ்வாறே நேர்ந்தது. காவலன் வீழ்ந்ததை ஒருவரும் அறியவில்லை. நான்கு நாட்கள் மின்னஞ்சல்கள் சோதனையின்றியே உள்ளே வந்தன. சோதனை இயலாவிடில் அஞ்சலை உள்ளே விடுக என்று அமைப்பில் குறித்திருந்ததே காரணம். நிறுத்தி வைக்குமாறு குறித்திருந்தால், முதல் மணி நேரத்திலேயே கூக்குரல் எழுந்திருக்கும், பிழையும் வெளிப்பட்டிருக்கும்.

ஆகவே, சர்வர்ப் பணியில் உள்ள அன்பர்கள் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளுதல் நலம். முதலாவது, சிஸ்டம்சிடிஎல் கட்டளை ‘இயங்குகிறது’ என்று காட்டுவதோடு நிறைவடையலாகாது. கிளாம்டிக்குப் ‘பிங்’ என்று அனுப்பினால் ‘பாங்’ என்று மறுமொழி வரவேண்டும். அடையாளங்கள் எந்நாளுக்குரியவை என்பதையும் நோக்கவேண்டும். இரண்டாவது, ஐகார் எனப்படும் 68 எழுத்துகள் கொண்ட, தீங்கற்ற சோதனைக் கோப்பை அவ்வப்போது அனுப்பிப் பார்த்தல் வேண்டும். காவலன் அதைப் பிடிக்கிறானா என்பது அப்போது புலனாகும். மூன்றாவது, கிளாம்டிக்கு வழக்கமான 3310ஆம் எண் வாயிலை வெளியுலகுக்குத் திறந்துவைத்தல் ஆகாது. அங்குக் கடவுச்சொல் கேட்கும் வழக்கம் இல்லை. வாயிலை எட்டும் அயலார் எவரும் ‘ஷட்டவுன்’ என்று அனுப்பிக் காவலனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

மாலையில் இருக்கையை விட்டு எழுமுன் ஒருமுறை ‘பிங்’ என்று கேளுங்கள். விடை வந்தபின் விளக்கை அணைத்துச் செல்லுங்கள்.