பெட்டி பிரிக்காத பழைய டைவிங் செட்: வாங்கலாமா?

வாழைச்சேனைப் பக்கத்து இளம் வியாபாரி ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "காக்கா, கொழும்பில் ஆறு டைவிங் செட் விலைக்கு வந்திருக்கு. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய சாமான். ஆனால் ஒரு நாளும் பாவிக்கவில்லையாம், பெட்டியோடு அப்படியே இருக்கு. புதுசின் அரை விலைக்கும் குறைவு. எடுக்கட்டா?" இதே விடயத்தை வேறு இரண்டு பேரும் என்னிடம் விசாரித்திருப்பதால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

நமது வாவிக்குள் யாரும் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குவதில்லை. தண்ணீர் கலங்கல், ஆழமும் போதாது. வேலை எல்லாம் முகத்துவாரத்துக்கு வெளியே, பெருங்கடலில். இந்தச் சாமானுக்கு இங்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர், பாசிக்குடா, கல்லடிப் பக்கம் உல்லாசப் பயணிகளைச் சுழியோட அழைத்துச் செல்பவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில்தான் கிடக்கிறது. அதைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள். மற்றவர், சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கும் நமது சுழியோடி. முதலாமவர் சாமானைப் பார்த்து, கேள்வி கேட்டு வாங்குவார். இரண்டாமவர் பெரும்பாலும் நமது வார்த்தையை நம்பித்தான் வாங்குவார். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியது. அந்த அடிக்குப் பிறகு புதுச் செட் இறக்குவது சின்ன முதலுள்ளவருக்கு இலகுவான காரியம் அல்ல. அதனால் பழைய சாமானுக்குக் கேள்வி இருக்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "பாவிக்கவில்லை" என்ற சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள். பத்து வருடம் ஸ்டோரில் கிடந்த டயரைப் புது டயர் என்று யாராவது வாங்குவோமா? ஓடாத டயரும் வெடிக்கும். டைவிங் சாமானில் பாதி றப்பர்தான். அதற்கும் வயது போகும்.

முதலில் சிலிண்டர். செட்டில் மிகவும் பாரமானதும் மிகவும் ஆபத்தானதும் அதுதான். சாதாரணமாகப் பாவிக்கும் அலுமினியம் சிலிண்டர் 11 லீற்றர் கொள்ளும். அதில் 3000 பி.எஸ்.ஐ., அதாவது 207 பார் அழுத்தத்தில் காற்றை அடைக்கிறார்கள். கார் டயரில் நாம் அடிப்பது 30 பி.எஸ்.ஐ. அதைப் போல நூறு மடங்கு. கழுத்தில் ஒரு வெடிப்பு இருந்தால் காற்று நிரப்பும்போது என்ன நடக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. நிரப்புபவர் பக்கத்தில்தான் நிற்பார்.

சிலிண்டரின் தோள்பட்டையில் எழுத்துகளும் எண்களும் குத்தியிருக்கும். சாமானோடு வரும் பில்லை விட அதை நம்புங்கள். எந்த மாதம், எந்த வருடம் முதல் சோதனை நடந்தது, பிறகு எப்போதெல்லாம் நடந்தது என்று அதில் இருக்கும். தண்ணீர் அழுத்தச் சோதனை 5 வருடத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டும் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் உள்ள விதி. வருடத்துக்கு ஒரு தடவை வால்வைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்ப்பது டைவிங் தொழிலின் வழக்கம். பத்து வருடத்துக்கு முந்திய சிலிண்டரில் ஒரே ஒரு திகதிதான் இருக்கிறதென்றால், அதன் இரண்டு சோதனைகள் பாக்கி. அந்தச் செலவு வாங்குபவரின் தலையில்தான் விழும்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிரப்பி, அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, வேலை அழுத்தத்தை விட அதிகமாக ஏற்றுவார்கள். 3000 சிலிண்டருக்கு 5000 வரை போகும். சிலிண்டர் சற்று ஊதும். அழுத்தத்தை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். ஊதியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பாமல் நின்றுவிட்டால் அது கழிவு. காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைப் பாவிப்பது, உடைந்தாலும் குண்டு போல வெடிக்காது என்பதற்காக. ஆகவே கராஜில் கொம்பிரசர் வைத்து, "நான் அடித்துப் பார்த்துவிட்டேன், நிற்கிறது" என்று ஒருவர் சொன்னால் அது சோதனை அல்ல.

இன்னொரு முக்கியமான விடயம். 1970களிலும் 80களிலும் செய்த அலுமினியம் சிலிண்டர்கள் பலவற்றில் 6351 என்ற கலப்பு உலோகம் பாவிக்கப்பட்டது. லக்ஸ்பர் கம்பனி அமெரிக்காவில் 1988 வரை அதில் செய்தது. அழுத்தம் தொடர்ந்து இருக்க இருக்க, அந்த உலோகத்தில் கழுத்துப் பகுதியில் மெல்ல மெல்ல வெடிப்பு விடுவது பிறகு தெரிய வந்தது. நிரப்பும்போது வெடித்து ஆட்கள் காயப்பட்டும் இருக்கிறார்கள். அதனால் 2007 முதல் அமெரிக்காவில் இந்த வகை டைவிங் சிலிண்டருக்குக் கழுத்தை மின் கருவியால் பரிசோதிக்கும் தனிச் சோதனையும் கட்டாயம். நமது ஊரில் அதற்கு யாரைத் தேடிப் போவது? எனது முடிவு, 1990க்கு முந்திய அலுமினியம் சிலிண்டர் என்றால் சும்மா தந்தாலும் எடுக்க வேண்டாம். ஏற்கெனவே கடையில் கிடந்தால் காற்றை வெறுமையாக்கி, வால்வைக் கழற்றி, அறுத்துப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுங்கள். முழுதாகக் கொடுத்தால் அது மறுபடியும் யாரோ ஒருவரின் முதுகில் ஏறும்.

புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய சிலிண்டரையும் சந்தேகத்தோடு பாருங்கள். பெயின்ட் குழியையும் கீறலையும் மறைக்கும். சூளையில் சூடாக்கிப் பிடிக்கும் பவுடர் பெயின்ட் என்றால் அலுமினியத்தின் பலமே போயிருக்கலாம். இரும்புச் சிலிண்டருக்கு வேறு நோய். உள்ளே கொஞ்சம் உப்புத் தண்ணீர் போயிருந்தால் கறல் பிடிக்கும். கறல் பிடிப்பது என்றாலே இரும்பு ஒட்சிசனைத் தின்பதுதான். காற்றோடு வருடக் கணக்கில் மூடிக் கிடந்த சிலிண்டரில் மீட்டர் நிறையக் காற்றுக் காட்டும், ஆனால் மூச்சுக்கு வேண்டிய ஒட்சிசன் குறைந்திருக்கும். அதைச் சுவாசிப்பவர் ஒன்றும் உணராமலே மயங்குவார். ஆகவே "உள்ளே காற்று அப்படியே நிற்கிறது" என்று விற்பவர் பெருமைப்பட்டால், அந்தக் காற்றைத் திறந்து விடச் சொல்லுங்கள்.

வால்வு மாற்றுவதிலும் கவனம் தேவை. சிலிண்டர் கழுத்தின் மரை எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்கச் சாமானில் முக்கால் அங்குல மரை, ஐரோப்பியச் சாமானில் 25 மில்லிமீற்றர் மரை. மில்லிமீற்றர் வால்வு அங்குலச் சிலிண்டருக்குள் சில சுற்றுப் போய் நிற்கும், பிடித்தது போலவே இருக்கும். அழுத்தம் ஏறியதும் துவக்குக் குண்டு போலப் பாயும். பல இடத்துப் பழைய சாமானைக் கலந்து ஒரு செட் ஆக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது ரெகுலேட்டர். சிலிண்டரில் பூட்டும் முதல் பகுதி 200 பார் அழுத்தத்தைச் சுமார் 9, 10 பாருக்குக் குறைக்கும். வாயில் கடிக்கும் இரண்டாம் பகுதி அதை மூச்சுக்கு ஏற்றபடி கொடுக்கும். உள்ளே ஓ-ரிங், வாசர், றப்பர்த் தட்டு, கிறீஸ். பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் கிறீஸ் காயும், ஓ-ரிங் இறுகும். ஆகவே பெட்டி பிரிக்காததற்கும் முழு சர்வீஸ் வேண்டும். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மொடலுக்கு சர்வீஸ் கிட் இன்றைக்கும் கிடைக்கிறதா? ஸ்கூபாப்ரோ போன்ற கம்பனிகளின் பல பழைய மொடல்களுக்குக் கிடைக்கும். டகோர் என்று ஒரு நல்ல அமெரிக்கச் சாமான் இருந்தது. 1990களின் கடைசியில் அது மாரெஸ் கம்பனியின் கைக்குப் போனது. இப்போது அதற்கு உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டும். அப்படிப்பட்டது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் காட்சிப் பொருள்தான்.

பாவித்த ரெகுலேட்டர் என்றால், முதல் பகுதியின் காற்று நுழையும் வாயில் சின்ன வட்டமான வடி ஒன்று இருக்கும். அதன் நிறத்தைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செங்கபிலம் என்றால் ஏதோ ஒரு சிலிண்டரின் கறல். கறுப்பு என்றால் கொம்பிரசரின் கரி அல்லது எண்ணெய். விற்பவர் வாயைத் திறக்காவிட்டாலும் அந்த வடி அதன் சரித்திரத்தைச் சொல்லிவிடும்.

ஹோஸ்களை நான் பார்ப்பதே இல்லை, மாற்றுச் செலவைக் கணக்கில் போட்டுவிடுவேன். சில வகைப் பின்னல் ஹோஸ்களின் உட்குழாய் வெப்பத்திலும் ஈரத்திலும் பழுதாகி, மஞ்சள் நிறத்தில் கற்கண்டுத் துகள் போலக் கட்டி, காற்றை அடைத்திருக்கிறது. டைவர்ஸ் அலர்ட் நெட்வேர்க் என்ற சுழியோடிகள் பாதுகாப்பு அமைப்பு இதுபற்றி எச்சரித்திருக்கிறது. வெளியே ஒரு கீறலும் இருக்காது. தகரக் கூரை ஸ்டோரில் நமது சித்திரை வெயிலைப் பத்து வருடம் தாங்கிய ஹோஸை எதற்கு நம்ப வேண்டும்?

மிதவைச் சட்டையை வாயால் ஊதி ஒரு இரவு வைத்துப் பாருங்கள், காலையில் இறுக்கம் குறையக் கூடாது. காற்று விடும் பொத்தானைப் பல தடவை அமுக்குங்கள். உப்புப் பிடித்து அது அமுங்கியபடி நின்றுவிட்டால் சட்டை தானாக ஊதி, ஆளை ஒரே வீச்சில் மேலே தூக்கும். நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரிந்து நுரையீரல் கிழிய அது போதும்.

ஈயக் கட்டியில் பயமில்லை, எத்தனை வருடமானாலும் ஈயம் ஈயம்தான், விற்காவிட்டால் வலைக்குப் பாரமாக உருக்கலாம். காலில் போடும் பின்ஸ், சிலிக்கன் கண்ணாடி, கத்தி எல்லாம் பார்த்து வாங்கலாம். பழைய கறுப்பு றப்பர்க் கண்ணாடி வேண்டாம். மடித்தபடி கிடந்து மொரமொரத்த வெட்சூட்டும் வேண்டாம். பட்டரி மாற்ற முடியாத பழைய டைவ் கொம்பியூட்டருக்கு ஒரு சதமும் வைக்காதீர்கள்.

இனி அந்தத் தம்பியின் கணக்கு. புதுச் செட் 100 ரூபா என்று வையுங்கள். பழையது 45க்கு வருகிறது. சிலிண்டர் சோதனை, ரெகுலேட்டர் சர்வீஸும் கிட்டும், புது ஹோஸ்கள், கொழும்புக்கு லொறிச் செலவு எல்லாம் ஒரு 30 என்றால் 75 ஆகிவிட்டது. ஆறு சிலிண்டரில் ஒன்று சோதனையில் கழிந்தால் அதன் நட்டம் மற்ற ஐந்தின் மேல் ஏறும். 80ஐத் தாண்டும். பழைய சாமானை 80க்கு வாங்க ஆள் இருக்கிறதா? ஆகவே அவருக்கு நான் சொன்னது இதுதான்: 25க்கு மேல் கேட்காதே, சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்பும் வரை பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொள், முடியாதென்றால் ரெகுலேட்டரையும் ஈயத்தையும் மட்டும் பேசி எடு.

சோதிக்காமல் அப்படியே கைமாற்றினால் 45க்கு வாங்கி 65க்கு விற்கலாமே என்று ஒருவர் கேட்டார். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமா ஆகாதா என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வியாபாரமாகவே பாருங்கள். ஹேர்மஸ் கிடப்பது சுமார் 53 மீற்றர் ஆழத்தில். அங்கே மூச்சுக்கு ஆறு மடங்குக்கு மேல் காற்றுப் போகும். கரையில் நூறு நிமிடத்துக்கு மேல் தாங்கும் சிலிண்டர் அங்கே கால் மணித்தியாலத்தைத் தாண்டினால் பெரிய காரியம். அந்த ஆழத்தில் ஹோஸ் அடைத்தால் மேலே வர நேரமில்லை. வந்தாலும் அவசரமாக வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி, கை கால் விளங்காமல் போகலாம். கடலட்டைக்கு இறங்குபவர் ஒரே நாளில் பல தடவை இறங்குகிறார், அவருக்கு ஆபத்து இன்னும் கூட. சோதிக்காத சாமானை விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் பில்லில் "சோதனை செய்யப்படவில்லை, நீருக்குள் பாவிக்க உகந்ததல்ல" என்று எழுதி, வாங்குபவரிடம் கையொப்பம் எடுங்கள். வெளிநாட்டிலிருந்து இறக்குவதாக இருந்தால், முற்பணம் அனுப்பும் முன் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

வாங்கிய சாமானை வைத்திருப்பதும் ஒரு வேலை. கிழக்கில் சுழியோடும் காலம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. மாரி தொடங்கினால் சாமான் மாதக் கணக்கில் கடையில்தான் கிடக்கும். சிலிண்டரை முழுதாக நிரப்பியும் வைக்க வேண்டாம், வால்வைத் திறந்து முற்றாக வெறுமையாகவும் வைக்க வேண்டாம். ஈரம் உள்ளே போகாதபடி 10, 20 பார் காற்றோடு நிமிர்த்தி, சாயாமல் கயிற்றால் கட்டி வையுங்கள். ரெகுலேட்டரை நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைத்து, ஹோஸை மடிக்காமல் பெரிய வட்டமாகச் சுற்றி, கூரைச் சூடு படாத கீழ்த்தட்டில் வையுங்கள்.