கழனியில் எழுந்த கடைவீதி: வெள்ள ஆபத்தும் வணிகர் கடமையும்

முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகள் முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். கழனிகள் மனைகளாயின, குடியிருப்புகள் பெருகின, அவற்றை நம்பி நம் மளிகைக் கடைகளும் கிடங்குகளும் வந்தன. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் தீபாவளி, பொங்கல் சரக்கையும் நாம் இருப்பு வைக்கிறோம். எனவே முதல் அதிகமாக முடங்கியிருக்கும் நேரத்தில்தான் ஆபத்தும் அதிகம்.

வெள்ளம் ஏன் வருகிறது?

ஒரு ஏக்கர் வயல், வரப்புக்குள் அரை அடி நீரைத் தேக்கினால் அது ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர். அந்த வயலில் மண் கொட்டி மேடாக்கினால் அத்தனை நீரும் தெருவுக்கு வரும். ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். இடையிலுள்ள வாய்க்கால் குறுகினால் அது கடைவீதியில் புகும்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஆனால் அந்த நீர் அடையாற்றில் சேரும் இடம் முடிச்சூருக்குக் கீழே உள்ளது. முடிச்சூர்ப் பகுதியில் புகுந்தது மேலேயுள்ள ஆதனூர் போன்ற ஏரிகளின் உபரியும் ஆற்று வெள்ளமும்தான். ஆகவே செம்பரம்பாக்கம் பற்றிய செய்தியை மட்டும் கேட்டிருந்தால் போதாது. நம் ஊருக்கு மேலே எந்த ஏரி, அதன் உபரிநீர் எந்த வழியாக வருகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதிகளில் நீர் புகுந்தது.

செய்ய வேண்டியவை

1. கடையோ கிடங்கோ பிடிக்குமுன் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். ஏரி, வாய்க்கால் புறம்போக்கு அருகில் இருந்தால் அதில் தெரியும். முந்தைய வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று பழைய குடிகளிடம் கேளுங்கள்.

2. அந்த உயரத்துக்கு மேல் பலகை அமைத்து அரிசி, பருப்பு, சர்க்கரை, மாவு ஆகியவற்றை அடுக்குங்கள். சீல் வைத்த எண்ணெய் டின்கள் கீழே இருக்கலாம். வெள்ளநீரில் நனைந்த தானியத்தைக் காயவைத்து விற்பது வாடிக்கையாளர் உடல்நலத்துக்குக் கேடு. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

3. கடன் நோட்டு நனைந்தால் வரவேண்டிய பாக்கியும் போயிற்று. கடன் நோட்டு, கொள்முதல் பில், இருப்புப் பதிவேடு ஆகியவற்றைச் செல்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் உள்ள ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

4. காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்குகிறதா, சரக்கு முழு மதிப்புக்கு எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ரூ.10 லட்சம் சரக்கை ரூ.5 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்து, ரூ.4 லட்சம் சேதமானால், பொதுவான விகிதாசார விதிப்படி ரூ.2 லட்சமே கிடைக்கும். பண்டிகைக் கால இருப்பையும் கணக்கில் சேருங்கள். சேதமானால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்குமுன் சரக்கை அப்புறப்படுத்தாதீர்கள்.

5. அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரிப் பயனை ஜி.எஸ்.டி. சட்டப்படி திருப்பிச் செலுத்த வேண்டும். இழப்பைக் கணக்கிடும்போது இதையும் தணிக்கையாளரிடம் பேசுங்கள்.

சங்கங்கள் செய்யக்கூடியது

செப்டம்பர் மாதத்திலேயே கடைவீதி வணிகர்கள் ஒன்றுகூடி, வாய்க்கால் அடைப்புகளைப் பார்வையிட்டு, உள்ளாட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் எழுத்து மூலம் மனு கொடுக்கலாம். நம் கடைக் குப்பையும் பிளாஸ்டிக் உறைகளும் வாய்க்காலில் விழாமல் பார்ப்பது நம் பொறுப்பு. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐக் கடை முன் எழுதி வையுங்கள். மேட்டுப் பகுதியில் உள்ள உறுப்பினர், தாழ்வான பகுதி உறுப்பினரின் சரக்குக்கு இடம் தருவதாக முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

வெள்ள நாளில் அரிசி, பால் பவுடர், மெழுகுவத்தி தேடி மக்கள் வருவது நம் கடைக்குத்தான். நம் சரக்கு தப்பினால் நம் முதலும் தப்பும், தெருவுக்கும் உணவு கிடைக்கும். வெள்ளம் வருமுன் அணை போடுவோம்.