கொச்சிக் காயலோரத்து நம் மரங்கள்

வெலிங்டன் தீவிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளை நோக்கி, “இவ்வூருக்கே உரிய மரம் எது?” என்று வினவினால், பெரும்பாலும் சாலையோரத்தில் குடைவிரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தையே சுட்டிக்காட்டுவர். பெரியவர்களும் அதனை மறுக்கமாட்டார்கள். ஆயின், அம்மரத்தின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டமாகும். கோடையில் செக்கச்செவேலெனப் பூக்கும் மயிற்கொன்றையோ மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. நிழலும் அழகும் தரும் இம்மரங்களை நாம் குறை கூறவில்லை. பிழைப்பை நாடி வந்த நாமே, வந்த மரங்களைப் பழித்தல் தகாது. எனினும், வந்த மரத்தை அறிந்து இருந்த மரத்தை அறியாதிருத்தல் நமக்கு அழகன்று.

தீவின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1920ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர், துறைமுக வாயிலை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டியும், காயலின் அடியை ஆழப்படுத்தியும், பெருங்கப்பல்கள் உள்ளே வர வழி செய்தார். 1928இல் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைமுகத்திற்குள் புகுந்தது. அவ்வாறு தோண்டியெடுத்த சேற்றையும் மணலையும், முன்பிருந்த சிறு தீவொன்றினையொட்டிக் கொட்டி உயர்த்திய நிலமே, சென்னை மாகாண ஆளுநராயிருந்த வெலிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே இத்தீவின் பெரும்பகுதிக்குப் பழைய காடு என்பதே கிடையாது. பண்டகசாலைகள், இருப்புப்பாதை, குடியிருப்புகள் ஆகியவற்றுக்குப் பின் வந்தவையே இங்குள்ள மரங்கள். இவ்வூரின் பூர்வ மரங்களைக் காண விரும்புவோர், தீவைச் சூழ்ந்த காயற்கரைகளையே நாடவேண்டும்.

மத்தியதரைக் கடலோரத்திற்கு விடுமுறை கழிக்கச் செல்வோர்க்கு அவ்வூரார் தம் ஒலிவ மரங்களைப் பெருமையுடன் காட்டுவர். கொச்சிக்கும் நாள்தோறும் பயணிகள் வருகின்றனர். சீன வலைகளையும் யூதர் ஜெபாலயத்தையும் கண்டு திரும்புகின்றனர். கரையிலுள்ள கண்டலை அவர்களுக்குக் காட்டுவார் அரியர்.

கண்டல் என்பது, உப்புநீர் ஏறியிறங்கும் சேற்றில் வாழும் மரக்கூட்டத்தின் பொதுப்பெயர். நம் பிச்சாவரத்தில் சுரபுன்னை எனப்படும் மரத்தை இங்கு ‘பிராந்தன் கண்டல்’ என்கின்றனர். பித்துப் பிடித்த கண்டல் என்பது பொருள். தாறுமாறாய்த் தாவி ஊன்றிய அதன் வேர்களைக் கண்டோர், அப்பெயர் பொருந்தும் என்றே கூறுவர். அதன் வித்து தாய்மரத்தில் தொங்கும்பொழுதே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் நீண்டு, பின்னர் சேற்றில் விழுந்து வேரூன்றும்; அன்றேல் நீரோடு மிதந்து சென்று வேறு கரையைப் பற்றிக்கொள்ளும். முத்துப்பேட்டையில் அலையாத்தி எனப்படும் இனமும் இங்குண்டு. சேற்றுக்குள் காற்று இல்லாமையால், அதன் வேர்கள் பென்சில்களைப்போல் மேல்நோக்கி எழுந்து மூச்சுவிடுகின்றன. மிகுந்த உப்பை இலைகள் வெளியேற்றுகின்றன. இம்மரங்களின் வேரடியில் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. கரையை அரிக்கும் அலையின் வேகமும் தணிகிறது.

தில்லை என்றால் சிதம்பரத்தை நினையாத தமிழர் உண்டோ? அத்தில்லை மரமும் இக்காயற்கரை மரங்களுள் ஒன்றே. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேரும். ஆதலின் கிளையை ஒடித்தல் கூடாது. பூவரசை அறியாதார் இலர். அதன் இலையைச் சுருட்டி ஊதல் செய்யாத தமிழ்ச் சிறுவனும் இலன். தாழையை இங்கு ‘கைத’ என்கின்றனர். நம் பழந்தமிழில் ‘கைதை’ என்பதும் தாழையே. நம் பேச்சில் மறைந்த சொல் இவர்கள் நாவில் நின்று நிலவுகிறது! தாழை மடலைப்போன்ற இலை உடைமையால் அன்னாசிப்பழத்திற்கும் ‘கைதச்சக்க’ என்றே பெயரிட்டனர்.

புன்னையின் சிறப்போ தனி. நற்றிணைப் பாடலொன்றில், விளையாட்டாய் மணலில் அழுத்திய புன்னைவித்து முளைக்க, அதனைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த பெண்களிடம், அம்மரம் உங்களுக்குத் தங்கை என்று தாய் கூறியதாக ஒரு செய்தி வருகிறது. அப்புன்னையே இக்கரையிலும் பளபளக்கும் இலையுடன் நிற்கிறது. அதன் வித்திலிருந்து எடுத்த எண்ணெய் விளக்கெரிக்கவும், மரம் படகு கட்டவும் பயன்பட்டன.

பிள்ளைகளுக்கு எச்சரித்துக் கூறவேண்டிய மரமும் ஒன்றுண்டு. காட்டரளி என நாமும் ஒதளம் என இவ்வூராரும் கூறும் அம்மரத்தின் காய், பார்வைக்குப் பச்சை மாங்காயை ஒக்கும். அதன் பருப்போ இதயத்தை நிறுத்தவல்ல கொடிய நஞ்சு. நீரோரத்தில் கிடக்கும் காயைத் தொடலாகாது என்பதை இல்லந்தோறும் சொல்லிவைத்தல் நலம்.

நிற்க. இம்மரங்களின் பெயர்கள் உலகப் புகழ் பெற்றதும் கொச்சியிலிருந்தேயாகும். இங்கு டச்சு ஆளுநராயிருந்த வான் ரீட் என்பார், இம்மண்ணின் 742 செடிகொடி மரங்களைப் படத்துடன் விளக்கி, ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூலைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தார். அது 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. அவருக்கு மருந்தறிவை வழங்கியோருள் தலையாயவர், சேர்த்தலைப் பகுதியைச் சார்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். கண்டல், ஒதளம் என்னும் நாட்டுப்பெயர்கள் அந்நூல் வழியாகவே தாவரவியலாரின் இலத்தீன் பெயர்களுள் இடம்பெற்றன. ஐரோப்பியர் ஏட்டில் ஏறிய பெயர்கள் நம் பிள்ளைகளின் நாவில் ஏறாமலிருத்தல் முறையோ?

பெயர் மட்டுமன்று, மரமும் மறைகிறது. 2021ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கைப்படி, கேரளம் முழுமைக்கும் எஞ்சிய கண்டற்காடு 9 சதுர கிலோமீட்டரே, தமிழ்நாட்டில் 45. எர்ணாகுளத்தின் நடுவே, உயர்நீதிமன்றத்தின் பின்புறம், பழைய இரயில் நிலையத்தை அடுத்துள்ள மங்களவனம், 3 ஹெக்டேருக்கும் குறைந்த சிறு காடு. காயல்நீர் கால்வாய் வழியே அங்கு ஏறியிறங்குகிறது. நீர்க்காகங்களும் இராக்கொக்குகளும் அங்கு அடைகின்றன. 2004இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரக்கு வண்டிகள் நின்ற நிலத்தின் பக்கத்திலேயே இப்படியொரு காடு பிழைத்திருப்பது, இரயில்வேயில் பணியாற்றும் எம்போன்றோர்க்குத் தனி மகிழ்ச்சி.

சங்கத்து அன்பர்கட்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை மங்களவனத்திற்கு அழைத்துச் சென்று, ஒவ்வொரு மரத்தையும் இரு மொழிப் பெயராலும் அறிமுகம் செய்வோம். அடுத்து, குடியிருப்புகளில் மரம் நடும்போது, உரியவரிடம் அனுமதி பெற்று, ஒரு புன்னையையோ பூவரசையோ நடுவோம். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டும் நமக்கு மரம் எதற்கு என்று கேட்போர் உளர். மரம் இங்கேயே நிற்கும். அதன் பெயரும் உருவும் பிள்ளையோடு வரும். இங்கு புன்னையை அறிந்த பிள்ளை, நாளை நாகப்பட்டினத்துக் கடற்கரையில் தாத்தாவின் கைபிடித்து நடக்கையில், அதே மரத்தைத் தானே இனங்கண்டு சொல்லும். அதற்கு நாம் இன்று செலவிட வேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுதே.