பவானி முதல் கரூர் வரை: விரிப்பு, போர்வைக் கடைகளில் இரண்டு நாள்

ஜவுளி வியாபாரிகளுக்கு ஈரோடு புதிய ஊர் அல்ல. திங்கட்கிழமை மாலை பஸ் ஏறி, இரவெல்லாம் சந்தையில் அலைந்து, செவ்வாய்க்கிழமை மூட்டைகளை லாரி ஷெட்டில் போட்டுவிட்டு ஊர் திரும்பும் அன்பர்கள் நம் சங்கத்திலேயே பலர் உண்டு. வாங்குவது சந்தையில், நெய்கிற ஊரை எட்டிப் பார்ப்பது இல்லை. பவானி பதினைந்து கிலோமீட்டர்தான், சென்னிமலை முப்பது கிலோமீட்டர்கூட இராது. ஆனாலும் பலருக்கு அவை பேல்களின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்கள் மட்டுமே. இம்முறை சந்தை முடிந்ததும் ஊர் திரும்பாமல், வாடகைக் காரில் பவானி, சென்னிமலை, கரூர் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். விரிப்பும் போர்வையும் விற்கும் கடைகளை மட்டும் பார்ப்பது என்று திட்டம். பெரிய ஷோரூம்களை விட்டுவிட்டு, முதலாளியே கல்லாவில் இருக்கும் கடைகளாகப் பார்த்து ஏறினோம்.

பவானியில் இரண்டு அடுக்கு

கூடுதுறைக்குப் போகும் பாதையில் ஜமக்காளக் கடைகளைத் தேட வேண்டியதில்லை. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பட்டை போட்ட விரிப்புகளைச் சுருட்டி வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைத்துணி வந்து குவிந்தபோது, வழக்கமான சேலை, துணி நெசவில் பிழைக்க வழியில்லாமல், இங்கிருந்த ஜங்கமர்கள் என்னும் நெசவாளர்கள் முரட்டுப் பருத்தி நூலுக்குச் சாயமேற்றி இந்த விரிப்பை நெய்யத் தொடங்கினார்கள் என்பது ஊரின் வரலாறு. போட்டிக்கு அஞ்சிக் கண்டுபிடித்த சரக்கு, நூறு வருஷத்துக்கு மேல் ஊருக்கே சோறு போட்டது. பட்டை ஜமக்காளம் ஒரு வகை. செயற்கைப் பட்டு நூல் கொண்டு கரையில் பூவும் மயிலுமாக நெய்வது இன்னொரு வகை. அகலம் கூடிய விரிப்பு என்றால் ஒரே குழித்தறியில் இருவர் அருகருகே உட்கார்ந்து நெய்வார்கள்.

ஒரு கடையில் பெரியவர் ஒருவர் நம்மை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். அவருக்குப் பின்னால் இரண்டு அடுக்கு. இரண்டிலும் அதே பட்டை, அதே நிறங்கள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தோம், கை தாழ்ந்தது. மற்றது சிறுபிள்ளை தூக்கும் கனம்.

“இது நம்ம ஊர்த் தறிங்க. அது மிஷின்ல வந்ததுங்க. விலை பாதிக்கும் கம்மி. கேட்டு வர்றவங்களுக்கு நான் ரெண்டையும் சொல்லித்தான் குடுக்கறேன். சொல்லாமக் குடுக்கற கடைகிட்டத்தான் இப்ப யாவாரமுங்க” என்றார்.

மறைத்துப் பேசவில்லை, புலம்பவும் இல்லை. நெய்து கொடுக்கும் குடும்பங்கள் குறைந்துவிட்டன, பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கும் வேறு வேலைக்கும் போகிறார்கள், நெசவாளிக்கு வாராவாரம் ரொக்கம் கொடுத்தாக வேண்டும், ஆனால் வெளியூர்க் கடைகள் மூன்று மாதக் கடன் கேட்கின்றன என்று கணக்கைப் போட்டுக் காட்டினார். இன்னும் இரண்டு தீபாவளி பார்ப்பாராம். பிறகு கனமான அடுக்கை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று முடிவு செய்வாராம்.

கல்யாண மண்டபங்களில் நாற்காலி வந்ததும் ஜமக்காளத்தின் பெரிய வாடிக்கை போயிற்று என்பது நமக்குத் தெரிந்ததே. பந்தல் காண்டிராக்டர்கள் முன்பு டஜன் கணக்கில் எடுத்தார்கள். இப்போது அவர்கள் வாங்குவது பிளாஸ்டிக் நாற்காலியும் செயற்கை இழைக் கம்பளமும். ஆனால் ஜமக்காளத்தை அதைவிட அதிகமாக அரிப்பது அதன் பெயரிலேயே வரும் போலிச் சரக்குதான். இதில் நம் சில்லறை வியாபாரிகளுக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. ஆகையால் சட்டம் என்ன சொல்கிறது என்று இங்கே எழுதிவிடுகிறோம்.

கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்பது 1985ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பட்டியலில் ஜமக்காளமும் உண்டு. இது நெய்பவருக்கான தடை, கடைக்காரருக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு பதிவாகியிருக்கிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, பொய்யான குறியீட்டைப் போடுபவர் மட்டுமல்ல, அப்படிப் போட்ட சரக்கை விற்பவரும் குற்றவாளிதான். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். தக்க எச்சரிக்கையுடன் வாங்கினேன், சந்தேகப்பட இடமில்லை என்று காட்டி, யாரிடம் வாங்கினேன் என்பதையும் சொல்ல முடிந்தவருக்குச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. பில் இல்லாமல் வாங்கியவர் எதைக் காட்டுவார்?

விசைத்தறி விரிப்பை விற்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. குறைந்த விலையில் கேட்கும் வாடிக்கையாளருக்கும் ஒரு விரிப்பு வேண்டும்தான். அதை ‘பட்டை விரிப்பு’ என்று சொல்லி விற்கலாம். ‘பவானி’ என்று பில்லில் எழுதினால்தான் வம்பு.

பார்த்து வாங்கும் விதத்தையும் அந்தப் பெரியவரிடமே கேட்டுக்கொண்டோம். கைத்தறி விரிப்பின் ஓரம் ஆலைத்துணி போல ஒரே நேர்க்கோடாக இராது, சற்று ஏற்ற இறக்கம் தெரியும். ஒரே அளவுள்ள இரண்டைத் தராசில் வைத்தால் கனமே பாதி உண்மையைச் சொல்லிவிடும். மீதிக்கு ஓர நூல் ஒன்றை உருவித் தீயில் காட்ட வேண்டும். பருத்தி என்றால் காகிதம் கருகும் வாடையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். சாயத்துக்கு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துப் பார்த்தால் போதும். கைத்தறி முத்திரை 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த லேபிள் ஒட்டிய சரக்கைக் கேட்டு வாங்கலாம். ஆனால் லேபிள் இருக்கிறதே என்று கைக்குட்டையை மறந்துவிட வேண்டாம்!

சென்னிமலையில் அளவுகோல்

ஈரோட்டிலிருந்து வெள்ளோடு வழியாகச் சென்னிமலை. மலை மேல் முருகன், அடிவாரத்தில் தறி. திருப்பூர் குமரன் பிறந்த ஊர் இது. பெட்ஷீட் என்றாலே கொங்கு நாட்டில் சென்னிமலைதான் என்று சொல்லும்படி பெயரெடுத்த இடம். கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனைக் கூடங்களும் தனியார் கடைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இங்கே நாம் கற்றது ஒரே விஷயம்தான். ஒரு சிறிய கடையில் அம்மா ஒருவர் வியாபாரம் பார்க்கிறார். சிங்கிள் பெட்ஷீட் கேட்டோம். எடுத்துப் போட்டார். விலை சொல்லும் முன் டேப்பை எடுத்து நீளமும் அகலமும் அளந்து காட்டினார். அறுபதுக்குத் தொண்ணூறு அங்குலம், பிசகவில்லை. எல்லாருக்கும் இப்படித்தானா என்று கேட்டோம்.

“ஆமாங்கண்ணா. வெளியில அறுபது தொண்ணூறுன்னு லேபிள் ஒட்டி வருது, அளந்தா நாலு இஞ்சு குறையுது. அளந்து காட்டினா விலை ஏன் கூடன்னு அவங்களே புரிஞ்சுக்கறாங்க” என்றார்.

நம் சங்க உறுப்பினர்கள் எத்தனை பேர் கொள்முதல் செய்யும்போது டேப் போடுகிறோம்? நாலு அங்குலம் நீளத்திலும் நாலு அங்குலம் அகலத்திலும் குறைந்தால், துணியில் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. விலையில் ஐந்து ரூபாய் பேரம் பேசி ஜெயித்துவிட்டதாக நினைத்துத் திரும்புகிறோம்.

ஊரில் வேறு கடைகளும் பார்த்தோம். சரக்கு நன்றாக இருக்கிறது, அடுக்கும் விதம்தான் போதாது. நல்ல கட்டம் போட்ட போர்வைகளை நாலாக மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மேலே கட்டிவிட்டால், வருபவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றையாவது விரித்துத் தொங்கவிட வேண்டாமா?

கரூரில் மூன்றடுக்குப் போர்வை

சென்னிமலையிலிருந்து காங்கயம், வெள்ளகோவில் வழியாகக் கரூர். காங்கயத்தில் தேங்காய் எண்ணெய் வாடை காருக்குள் வந்தது. அந்த வியாபாரத்தைப் பற்றி வேறொரு இதழில் எழுதலாம்.

கரூர் கடைகள் பவானிக் கடைகள் போல அல்ல. ஏற்றுமதிக்குத் தைத்ததில் மீந்தது, நிறம் சற்று மாறியது, தையல் பிசகியது என்று மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு, திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் குவியலாகக் கிடக்கும். சில இடங்களில் எடை போட்டே விற்கிறார்கள். இந்தக் குவியலுக்கு நடுவில்தான் நாம் தேடிப் போன குயில்ட் கிடைத்தது. மேல் துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடித்துணி. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்த போர்வை. வெட்டித் துண்டுகளை இணைத்துச் செய்தது என்றால் பார்வைக்கு இன்னும் அழகு. பழைய சேலைகளை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிக்கும் நம் பாட்டிமாரின் கைவேலைதான் இது; அங்கே அதற்குப் பெயரும் விலையும் வேறு.

நம் பக்கத்து வெயிலுக்கு இது விற்குமா என்பதே வழக்கமான கேள்வி. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு தவிர வேறெங்கே என்று முன்பு கேட்டது நியாயம். இப்போது படுக்கையறைக்கு ஏ.சி. வந்துவிட்டது. சித்திரை மாதத்திலும் இரவில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். சமவெளிக் கடைகளில் கம்ஃபர்ட்டர் விற்பது இதனால்தான். ஏ.சி. அறைக்கு வேண்டியது லேசான ரகம், 120 ஜி.எஸ்.எம். அளவே போதும். மலை ஊருக்கு எடுக்கும் 200 ஜி.எஸ்.எம். சரக்கை இங்கே கொண்டுவந்தால் ரேக்கில்தான் தூங்கும். காற்றை உறிஞ்சிக் கட்டிய பாக்கெட்டாக வாங்கினால் இடம் மிச்சம். ஆனால் மாதக் கணக்கில் அப்படியே வைத்தால் பஞ்சு அமுங்கிவிடும், பிரித்து உதறினாலும் பழைய உப்பல் வராது. வரி விஷயத்தில் ஒரு கவனம்: 2025 செப்டம்பர் 22 முதல், பெட்ஷீட்டும் பருத்தி குயில்ட்டும் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 2,600 ரூபாய்க்கு விலை வைத்து யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கரூருக்கு அமெரிக்கா பெரிய சந்தை. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குக்கு அங்கே கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது, ஒரே நாட்டை நம்பிய கம்பெனிகள் தவித்துப்போயின. உள்நாட்டுக் கடைக்காரர் சின்ன ஆர்டர் கொடுத்தால் ஏறெடுத்தும் பாராத சில இடங்களில் இம்முறை நம்மை உட்காரவைத்துப் பேசினார்கள். ஐம்பது உருப்படி கேட்டாலும் நாம் சொல்லும் நிறத்தில் தைத்துத் தர இசைகிறார்கள். நம்மவர்கள் இந்தச் சமயத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஒரு வழக்கம்

குயில்ட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் குயில்ட் துணிக் கடைகள் பெரும்பாலும் சிறு ஊர்களில், குடும்பமாக நடத்தும் கடைகள். ஒரு வட்டாரத்தின் கடைகள் எட்டோ பத்தோ சேர்ந்து ‘ஷாப் ஹாப்’ என்று ஒன்று நடத்துகின்றன. வாடிக்கையாளருக்கு ஒரு சிறு அட்டை கொடுத்துவிடுவார்கள். குறித்த நாட்களுக்குள் ஒவ்வொரு கடையாகக் காரில் போய் முத்திரை வாங்க வேண்டும். ஒவ்வொரு கடையும் ஒரு சதுரத்துக்கான மாதிரி கொடுக்கும். எல்லாச் சதுரமும் சேர்ந்தால் ஒரு போர்வை. அட்டை நிறைந்தவர்களுக்குக் குலுக்கலில் பரிசு. போட்டிக் கடைகள் ஒன்றையொன்று சிபாரிசு செய்யும் விந்தை!

மிசௌரி மாநிலத்தில் ஹாமில்டன் என்று இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். பெரிய கடைத்தொடர் நிறுவிய ஜே.சி. பென்னி பிறந்த ஊர் அது. 2008இல் ஒரு குடும்பம் அங்கே ஒரு தையல் இயந்திரத்தை வைத்து மற்றவர்களின் போர்வைகளைத் தைத்துக் கொடுக்கத் தொடங்கியது. துணி விற்பனை சேர்ந்தது. பிறகு மெயின் ரோட்டில் பூட்டிக் கிடந்த கட்டடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றில் குழந்தைகள் துணி, ஒன்றில் பண்டிகைத் துணி என்று பத்துக்கு மேற்பட்ட கடைகளாக்கியது. தூர ஊர்களிலிருந்து பஸ் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

பவானி, சென்னிமலை, கரூர் மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் அதைவிடக் குறைவு. கூடுதுறைக்கும் சென்னிமலைக்கும் பக்தர்கள் ஏற்கெனவே வருகிறார்கள். ஆடியிலும் தைப்பூசத்திலும் வரும் கூட்டத்துக்கு ஓர் அட்டையும் முத்திரையும் கொடுக்க என்ன செலவாகும்? மூன்று ஊர் வியாபாரிகள் சங்கங்களும் உட்கார்ந்து பேசினால் ஒரே கூட்டத்தில் முடியக்கூடிய காரியம். பவானிப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “எதுத்த கடைக்காரரு முதல்ல ஒத்துக்கட்டுமுங்க” என்றார். எதிர்த்த கடைக்காரரிடமும் கேட்டோம். அவரும் அதையேதான் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்: திங்கள் இரவு சந்தையை முடித்துக்கொண்டு செவ்வாய் காலை பவானி போனால் மத்தியானத்துக்குள் பார்த்துவிடலாம். அன்று மாலை சென்னிமலை, புதன்கிழமை முழுதும் கரூர். டேப், சிறு தராசு, தீப்பெட்டி, வெள்ளைக் கைக்குட்டை எடுத்துச் செல்லவும். பவானியில் இரண்டு டஜன் ஜமக்காளத்துக்கு முன்பணத்தோடு ஆர்டர் கொடுத்து வந்திருக்கிறோம், கனமான அடுக்கிலிருந்து. நிறமும் அளவும் சொல்லி எழுதினால் உறுப்பினர்களுக்கும் சேர்த்து வரவழைத்துத் தர ஏற்பாடு செய்கிறோம்.