ஆமைக்குப் பூச்சி மருந்து கொடுக்கலாமா?

புத்தளத்திலிருந்து குருநாகல் வழியாகக் கட்டுகஸ்தோட்டைக்கு வரும் ஏ-10 பெருந்தெரு கலகெதரையைத் தொட்டுக்கொண்டுதான் செல்கிறது. கருவாடு, உப்பு, கலியாண வீட்டுப் பண்டங்கள் என்று அவ்வழியே மேலேறி வருபவை பல. சில வேளைகளில், பிள்ளைகள் விளையாடட்டும் என்று உறவினர்கள் ஓர் ஆமையையும் பையில் போட்டுக் கொண்டுவந்து விடுகின்றார்கள். முதுகெல்லாம் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாய் விரிந்திருக்கும் அந்த ஆமையைக் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது?

சில மாதங்கள் போகும். ஆமை இலை தின்னாது. கண் வீங்கும். மலத்தில் நூல் போன்ற புழுக்கள் நெளியும். "பூச்சிதான் ராத்தா, நாய்க்கு வாங்கிய மருந்தில் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள்" என்பார் பக்கத்து வீட்டார்.

சகோதரியே, அந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் உண்ணி, புழு தீர்க்கக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்னும் மருந்து ஆமைக்கு விஷம். கைகால் செயலிழந்து, மூச்சு நின்று, ஆமை இறந்துவிடக் கூடும். சொட்டு மருந்தாகப் பூசுவதும் ஆபத்தே. பிள்ளைகளின் பூச்சிக் குளிசையை உடைத்துக் கொடுக்கலாமே என்றால், அதுவும் கூடாது. அளவு மிஞ்சினால் அவ்வகை மருந்துகள் ஆமையின் இரத்த அணுக்களைக் குறைத்துவிடும். மிருக வைத்தியர் ஆமையைத் தராசில் வைத்து, கிராம் கணக்குப் பார்த்துத்தான் மருந்து தருவார். கண்ணளவு, கையளவு எல்லாம் நமது சமையலறையோடு இருக்கட்டும்.

சரி, இந்தப் புழு எங்கிருந்து வருகிறது? பிள்ளைகளுக்கு வரும் கீரிப்பூச்சிக்கு இது தூரத்து உறவு. ஆனால் மனிதரைப் பற்றாது. கொஞ்சப் புழு குடலில் இருப்பது ஆமைக்கு வழமைதான், அதனால் பெரிய கெடுதி இல்லை. தொல்லை பெருகுவது அடைத்து வைக்கும்போது. புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வருகின்றன. காட்டில் ஆமை நடந்து போய்விடும், முட்டை பின்னால் தங்கிவிடும். பேசினுக்குள் எங்கே போவது? மலம் பட்ட இலையையே மறுபடியும் தின்று, அதே முட்டையை விழுங்குகிறது. ஆகவே எத்தனை முறை மருந்து கொடுத்தாலும், இடம் அழுக்காயிருந்தால் பயன் இல்லை. தினமும் மலத்தை அள்ளுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இலையை மண்ணில் போடாமல் தட்டையான ஓட்டில் வையுங்கள். சோறு, பாண், பால் வேண்டவே வேண்டாம். புல்லும் இலையுமே அதன் உணவு.

கழுத்து மடிப்பிலும் ஓட்டின் இடுக்கிலும் உண்ணி ஒட்டியிருந்தால், சாவணத்தால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். மண்ணெண்ணெய் பூசுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கொடுமை.

ஆனால் இத்தனை செய்தும் கலகெதரையில் அந்த ஆமை தேறுவது கடினம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிங்களத்தில் 'தாரக இப்பா' எனப்படும் நட்சத்திர ஆமை உலர் வலயத்துப் பிராணி. வெயிலும் காய்ந்த தரையும் பழகிய உடம்பு அது. நமது மழையும் இராக்குளிரும் சேர்ந்தால் மூக்கில் குமிழி கட்டி, நுரையீரலில் சளி பிடிக்கும். நலிந்த உடம்பில் புழுவும் பெருகும்.

சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்சத்திர ஆமை பாதுகாக்கப்பட்டது. அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது குற்றம். 2019இல் கொழும்பில் நடக்கவிருந்து ஜெனீவாவுக்கு மாற்றப்பட்ட சைட்டிஸ் மாநாடு, இதன் சர்வதேச வணிகத்தையும் தடை செய்தது. அவ்வளவு தூரம் திருடப்பட்டு விற்கப்படும் பிராணி இது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோமே, பேசினுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கும் ஆமை மட்டும் வேறா? வீட்டில் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படையுங்கள். நீங்களாகவே பக்கத்துத் தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள், அது அதன் ஊர் அல்ல.

அலங்கார மீன் கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமை வேறு கதை. அமெரிக்காவின் நீர்நிலைகளிலிருந்து வந்தது. பெரிதானதும் ஆற்றில் விட்டால் நமது பால் ஆமையின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வளர்ப்பதென்றால் கடைசிவரை வளர்க்க வேண்டும். உடம்பு உலர ஒரு கல்லும், காலை வெயிலும் அதற்குக் கட்டாயம். மலத்தைச் சிறு போத்தலில் எடுத்து, அன்றைக்கே பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் முட்டை இருக்கிறதா என்று பார்க்கலாம்.

தாய்மார் அஞ்ச வேண்டியது புழுவுக்கல்ல, சல்மொனெல்லா கிருமிக்கு. நோயின்றித் திரியும் ஆமையின் உடம்பிலும் அது இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் தரும். குட்டி ஆமைகளை வாயில் வைத்த குழந்தைகள் பலர் நோயுற்றதால்தான், ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தடை செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் ஆமையைக் கொடுக்காதீர்கள். தொட்டவர் எவரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். ஆமையின் பாத்திரத்தைக் குசினித் தொட்டியில் கழுவாதீர்கள், அதற்கென்று ஒரு தூரிகையும் வாளியும் வெளியே இருக்கட்டும். கிணற்றில் ஆமை இருக்கும் வீடென்றால், குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.